நுண்ணுயிருக்கு நுண்ணுயிரே காவல்!

இரண்டாண்டுகளுக்கு முன்பு ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரைக் கிராமம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். என்னிடம் பொருளியல் படித்த மாணவர் ஒருவர், உறவினர்கள் நால்வருடன் சேர்ந்து கடன் வாங்கிக் கடலில் கூண்டு அமைத்து மீன் வளர்த்து வந்தார். நான் சென்ற நேரம் நல்ல நேரமல்ல. நாள்தோறும் காலையில் ஒரு கூடை நிறையச் செத்த மீன்களை அள்ளிக்கொண்டிருந்தார்கள். உடலில் சிவந்த திட்டுகள், அரித்துப்போன துடுப்புகள், சில மீன்களில் பிதுங்கிய கண்கள்.

மாணவர் என்முன் இரண்டு பொட்டலங்களை எடுத்து வைத்தார். "சார், இது கிருமியைக் கொல்லுமாம், அது நல்ல கிருமியை வளர்க்குமாம். இரண்டையும் ஒரே கடைக்காரர்தான் கொடுத்தார். இரண்டையும் சேர்த்தே தீவனத்தில் கலக்கச் சொல்கிறார். செய்யலாமா?" என்று கேட்டார்.

முதல் பொட்டலம் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து, அதாவது ஆன்டிபயாடிக். இரண்டாவது, நன்மை செய்யும் நுண்ணுயிரிகள் அடங்கிய புரோபயாடிக். ஒன்றையொன்று அழிக்கக்கூடிய இரண்டு பொருள்களை ஒரே கையால் விற்கும் சந்தை எப்படிப்பட்டது என்ற கேள்விதான் பொருளியல் ஆசிரியனாகிய எனக்கு முதலில் எழுந்தது. அதற்கு விடை தேடப் புறப்பட்டவன், மீன்வள அறிஞர்களிடமும் நூல்களிடமும் பாடம் கேட்க வேண்டியதாயிற்று. அப்படிக் கற்றுக்கொண்டதையே இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

இது ஒரு கிராமத்தின் சிக்கல் மட்டுமன்று. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் 2024-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, 2022-இல் உலகில் வளர்ப்பின் வழியே கிடைத்த மீன், இறால் உள்ளிட்ட நீர்வாழ் விலங்குகளின் அளவு 9.44 கோடி டன். வரலாற்றில் முதன்முறையாக அது, பிடிக்கப்பட்டவற்றின் அளவை விஞ்சியது. வேட்டையிலிருந்து வேளாண்மைக்கு மனிதன் நிலத்தில் என்றோ மாறிவிட்டான். கடலில் அந்த மாற்றம் நம் கண்முன் நிகழ்கிறது.

தமிழ்நாட்டுக்கும் இதில் பெரும் பங்குண்டு. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-இல் கொடுவா மீனைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் நிலையம் 2010-இல் கடல் விராலையும், 2011-இல் வெள்ளிப் பாம்பனோவையும் அவ்வாறே பொரிக்க வைத்து வெற்றி கண்டது. கடல்மீன் குஞ்சுகள் கைக்குக் கிடைக்கத் தொடங்கியதால்தான் என் மாணவரைப் போன்றவர்கள் கூண்டு கட்ட முன்வந்தார்கள்.

ஆனால், எங்கு உயிர்கள் நெருக்கமாக வாழ்கின்றனவோ அங்கு நோயும் குடியேறும். கடல்மீன் வளர்ப்பில் முதன்மையான எதிரி 'விப்ரியோ' என்னும் பாக்டீரியாப் பேரினம். காலரா நோயை உண்டாக்கும் கிருமியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். மீன்களைத் தாக்குபவை அதன் பங்காளிகளான விப்ரியோ ஹார்வேயி, விப்ரியோ ஆங்குயில்லாரம், விப்ரியோ ஆல்ஜினோலைட்டிகஸ் போன்றவை.

இங்கே ஓர் உண்மையை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். விப்ரியோக்கள் வெளியிலிருந்து படையெடுத்து வருபவை அல்ல. கடல்நீரிலும் மீனின் தோலிலும் குடலிலும் இயல்பாகவே வாழ்பவை. நலமான மீனை அவை பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. நீர் சூடேறும்போதும், உப்புத்தன்மை திடீரென மாறும்போதும், கூண்டில் நெரிசல் மிகும்போதும், வலையில் உரசி மீனின் தோல் கிழியும்போதும் அவை சமயம் பார்த்துத் தாக்குகின்றன. எனவே, கிருமியை முற்றாக ஒழித்துவிடுவது என்ற பேச்சுக்கே கடலில் இடமில்லை. அதை அடங்கியிருக்கச் செய்வது எப்படி என்பதே கேள்வி.

உழவர்கள் முதலில் நாடுவது நுண்ணுயிர்க்கொல்லியை. அதில் மூன்று குறைபாடுகள் உள்ளன. முதலாவது, மருந்தைத் தீவனத்தில்தான் கலக்க முடியும். நோயுற்ற மீனோ முதலில் தீவனத்தைத்தான் மறுக்கிறது. ஆக, மருந்தைத் தின்பது நலமான மீன். இரண்டாவது, பரவலாகப் பயன்படும் ஆக்சிடெட்ராசைக்ளின் என்னும் மருந்து, கடல்நீரிலுள்ள கால்சியம், மெக்னீசியம் ஆகியவற்றோடு பிணைந்துகொள்வதால் மீனின் உடலில் சரியாகச் சேர்வதில்லை. கணிசமான பங்கு கழிவோடு வெளியேறிக் கடலடிச் சேற்றில் படிகிறது. மூன்றாவதும் மிகக் கொடியதுமானது, அந்தச் சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் மருந்துக்குப் பழகி எதிர்ப்பாற்றல் பெறுவது. இந்த எதிர்ப்பாற்றலுக்கான மரபணுக்களை ஒரு பாக்டீரியா தன் சந்ததிக்கு மட்டுமன்றி, அருகிலுள்ள வேற்றினப் பாக்டீரியாவுக்கும் கடத்தவல்லது. மீனில் தொடங்குவது மருத்துவமனையில் முடியலாம்.

பொருளியலில் இதனைப் புறவிளைவு என்போம். ஒருவர் எடுக்கும் முடிவின் செலவை அவரல்லாத பிறர் சுமப்பது. ஒரு கூண்டுக்காரர் கொட்டும் மருந்தின் பயன் அவருக்கு; அதனால் விளையும் மருந்தெதிர்ப்பின் சுமை பக்கத்துக் கூண்டுக்காரருக்கும், கரையிலுள்ள நமக்கும். அந்தச் சுமை எவ்வளவு? 2022-இல் 'லான்செட்' இதழில் வெளியான உலகளாவிய ஆய்வு, 2019-ஆம் ஆண்டில் மட்டும் 12.7 லட்சம் பேர் மருந்துக்கு மசியாத பாக்டீரியாத் தொற்றுகளின் நேரடி விளைவாக உயிரிழந்ததாக மதிப்பிட்டது. மனித மருத்துவத்தில் மருந்துகளைத் தவறாகப் பயன்படுத்துவதே இதற்குப் பெருங்காரணம் என்றாலும், பண்ணைகளின் பங்கை ஒதுக்கிவிட முடியாது.

பொருளாதார இழப்பும் உண்டு. ஏற்றுமதி உணவில் தடைசெய்யப்பட்ட மருந்தின் எச்சம் காணப்பட்டால் சரக்கு திரும்பி வரும். 2016-இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய வளர்ப்பு நீருணவுச் சரக்குகளில் பரிசோதனைக்கு எடுக்கும் விகிதத்தை 10 விழுக்காட்டிலிருந்து 50 விழுக்காடாக உயர்த்தியது. சிலர் செய்த தவறுக்கு அனைவரும் தண்டம் கட்டினார்கள்.

இந்தப் பின்னணியில்தான் புரோபயாடிக் கவனம் பெறுகிறது. கருத்து புதியதன்று. நம் வீட்டு அடுக்களையில் நாள்தோறும் நடப்பதுதான். காய்ச்சிய பாலை அப்படியே விட்டால் காற்றிலுள்ள ஏதோ ஒரு கிருமி புகுந்து அதைக் கெடுக்கும். ஒரு கரண்டி உறைமோர் ஊற்றினால், அதிலுள்ள நல்ல பாக்டீரியாக்கள் பாலை முதலில் தமதாக்கிக்கொண்டு, அமிலத்தைச் சுரந்து, கெடுக்கும் கிருமிக்கு இடமில்லாமல் செய்துவிடுகின்றன. மீன்வளர்ப்பில் இதன் முதல் பயன்பாடாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுவது, 1986-இல் ஜப்பானில் கோசாசா என்பார் பாசில்லஸ் வகை பாக்டீரியாவின் வித்துகளை மீன்களுக்குத் தீவனத்தில் கொடுத்துச் செய்த ஆய்வாகும்.

இந்த நல்ல நுண்ணுயிரிகள் எவ்வாறு காக்கின்றன? ஒன்று, குடலின் சுவரில் இடம்பிடித்துக்கொண்டு நோய்க்கிருமி ஒட்டிக்கொள்ள விடாமல் தடுக்கின்றன. இரண்டு, இரும்புச்சத்து போன்ற உணவுக்குப் போட்டியிடுகின்றன. மூன்று, சில இனங்கள் எதிரியை அடக்கும் பொருள்களைச் சுரக்கின்றன. நான்கு, மீனின் நோய் எதிர்ப்பு அமைப்பை விழிப்புடன் வைக்கின்றன. ஐந்தாவது சற்று வியப்பானது. விப்ரியோக்கள் வேதிப்பொருள்களைச் சுரந்து ஒன்றோடொன்று 'பேசிக்கொள்கின்றன'. தம் எண்ணிக்கை போதிய அளவை எட்டிவிட்டது என்று அந்தக் குறிப்பால் உணர்ந்த பிறகே அவற்றுள் பல தம் நச்சுத்தன்மையை முழுமையாகக் காட்டுகின்றன. பாசில்லஸ் இனங்களில் சில, அந்தக் குறிப்புப் பொருளையே சிதைத்துவிடுகின்றன. படை திரண்டிருந்தும் தாக்குவதற்கான முரசொலி காதில் விழாத நிலை அது.

குஞ்சு பொரிப்பகங்களில்தான் இதன் பயன் மிகத் தெளிவாகத் தெரிகிறது. கடல்மீன் குஞ்சு பொரிந்து வெளிவரும்போது அதன் குடலும் நோய் எதிர்ப்பு அமைப்பும் முழு வளர்ச்சி பெற்றிருப்பதில்லை. ஆகவே தடுப்பூசி போட்டும் பயனில்லை. அது பிறந்தது முதல் கடல்நீரைக் குடிக்கிறது. உணவாக நாம் தரும் ரோட்டிஃபர், ஆர்ட்டீமியா போன்ற நுண்ணிய உயிரிகள் வாயிலாகவே விப்ரியோ அதன் வயிற்றுக்குள் செல்கிறது. தொட்டி நீரைக் கிருமிநீக்கம் செய்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். நார்வே ஆய்வாளர்கள் இதற்கு நல்ல விடை கூறியுள்ளனர். கிருமிநீக்கம் செய்த நீர் வெற்றிடம். அந்த வெற்றிடத்தை முதலில் நிரப்புபவை விரைவாகப் பெருகும் இனங்கள். விப்ரியோ அத்தகையது. ராமநாதபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தரிசாகப் போட்ட நிலத்தை முதலில் பிடிப்பது சீமைக்கருவேலம் அல்லவா? நிலத்தை வெறுமையாக விடாமல் பயிரிடுவதைப் போலத்தான், குஞ்சுத் தொட்டியிலும் உயிருணவிலும் நல்ல நுண்ணுயிரிகளை முன்கூட்டியே குடியேற்றுவதும்.

இதுவரை கூறியது நன்மைகளின் பட்டியல். இனி, விற்பனையாளர்கள் சொல்லாமல் விடும் பகுதிக்கு வருவோம்.

உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் 2001-இல் வகுத்த இலக்கணத்தின்படி, புரோபயாடிக் என்பது உயிருள்ள நுண்ணுயிரிகள். போதிய அளவில் தரப்படும்போது உண்பவருக்கு நலம் பயப்பவை. இந்த இலக்கணத்தில் உள்ள மூன்று நிபந்தனைகளும் ஒவ்வொன்றாகச் சோதிக்கத் தக்கவை.

உயிருள்ளவையா? கொதிக்கும் பாலில் உறை ஊற்றினால் தயிர் தோயாது. அதுபோலவே, சூட்டில் தயாராகும் குருணைத் தீவனத்துக்குள் முன்பே கலந்த லாக்டோபாசில்லஸ் பெரும்பாலும் மடிந்துவிடும். உறங்கும் வித்தாக இருக்கவல்ல பாசில்லஸ் ஓரளவு தாங்கும். எனவே ஆறிய தீவனத்தின்மேல் சிறிது மீன் எண்ணெயோடு கலந்து பூசுவதே பாதுகாப்பான வழி. நுண்ணுயிர்க்கொல்லியோடு சேர்த்துக் கொடுத்தால் உயிரோடு இருக்குமா என்று கேட்கவே வேண்டியதில்லை. என் மாணவருக்குக் கடைக்காரர் தந்த அறிவுரையின் இலட்சணம் இதுதான்.

போதிய அளவா? குளத்து நீரில் புரோபயாடிக்கைக் கரைத்து ஊற்றினால், அடியிலுள்ள கழிவைச் சிதைத்து நீரின் தரத்தைக் காக்க உதவக்கூடும். ஆனால் திறந்த கடற்கூண்டில் அதைக் கரைப்பது, ஆற்றில் கரைத்த புளிதான். அலையும் நீரோட்டமும் அதை நொடியில் கொண்டுபோய்விடும். கூண்டில் தீவனத்தின் வழியே மட்டுமே பயன் கிடைக்கும். அதிலும், பெரும்பாலான இனங்கள் மீனின் குடலில் நிலையாகத் தங்குவதில்லை. தொடர்ந்து கொடுக்க வேண்டும்.

நலம் பயப்பவையா? இனத்தின் பெயரை மட்டும் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது. 1990-களில் எக்வடோர் நாட்டின் இறால் பொரிப்பகங்களில், விப்ரியோ ஆல்ஜினோலைட்டிகஸின் ஒரு தெரிவுசெய்த வகையையே புரோபயாடிக்காகப் பயன்படுத்தினார்கள். அதே இனத்தின் வேறு வகைகள் மீனுக்கு நோய் தருபவை! ஒரே குடும்பத்தில் காவலரும் கள்வரும் உண்டு. அன்றியும், நாம் கொடுக்கும் 'நல்ல' பாக்டீரியாவே மருந்தெதிர்ப்பு மரபணுவைச் சுமந்து வந்தால், எதைத் தவிர்க்க நினைத்தோமோ அதையே காசு கொடுத்து வாங்கியதாகிவிடும். ஆகவே எந்த வகை, அதன் மரபணு சோதிக்கப்பட்டதா என்பன கட்டாயம் தெரிந்தாக வேண்டும்.

இவற்றையெல்லாம் கண்ணால் பார்த்து அறிய ஓர் உழவருக்கு வழியில்லை. பொட்டலத்தினுள் இருப்பது உயிருள்ள பாக்டீரியாவா, வெறும் மாவா என்பது விற்பவருக்குத் தெரியலாம், வாங்குபவருக்குத் தெரியாது. இத்தகைய சந்தையைப் பற்றி 1970-இல் ஆய்வுக்கட்டுரை எழுதிய ஜார்ஜ் ஆக்கர்லாஃப், 2001-இல் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தரத்தைப் பிரித்தறிய முடியாத சந்தையில் நல்ல சரக்குக்கு உரிய விலை கிடைக்காது. நல்ல சரக்கு மெல்ல விலகிவிட, மட்டமான சரக்கே மிஞ்சும் என்பது அவர் கருத்தின் சாரம். போதாக்குறைக்கு, மீன் தானாகவே தேறினாலும் பொட்டலத்துக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். எண்கள் கற்பனையானவை, தர்க்கம் உண்மையானது. ஒரு கூண்டில் 1,000 மீன்கள். புரோபயாடிக் செலவு 4,000 ரூபாய். அது உண்மையில் வேலை செய்தால் கூடுதலாக 50 மீன்கள் பிழைக்கும். மீன் ஒன்றுக்கு நிகரமாக 400 ரூபாய் என்றால் 20,000 ரூபாய் வரவு. ஆனால் சந்தையிலுள்ள பொட்டலங்களில் நான்கில் ஒன்றுதான் தரமானது என்றால், எதிர்பார்க்கத்தக்க வரவு 5,000 ரூபாய். செலவு போக மிச்சம் ஆயிரம். அரசு பாதி விலையை மானியமாகக் கொடுத்தால் மிச்சம் 3,000. மாறாக, மானியம் எதுவும் தராமல், தரமானது எது என்று சோதித்துச் சொல்லி, உழவர் வாங்கும் நான்கில் மூன்று பொட்டலங்கள் நல்லவையாக அமையச் செய்தால், எதிர்பார்க்கத்தக்க வரவு 15,000, மிச்சம் 11,000. மானியத்தைவிடத் தகவல் மதிப்பு மிக்கது. நம் கொள்கை வகுப்போர் மறந்துபோகும் பாடம் இது.

இதற்கான சட்ட அடித்தளம் நம்மிடம் இருக்கிறது. கடலோர நீருயிர் வளர்ப்பு ஆணையச் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டது. ஆணையத்தின் தலைமையகம் சென்னையிலேயே உள்ளது. 2023-இல் செய்யப்பட்ட திருத்தம் கூண்டு வளர்ப்பையும் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவந்ததோடு, வளர்ப்பில் பயன்படும் இடுபொருள்களுக்குத் தரம் வகுத்து முறைப்படுத்தவும் வழி செய்துள்ளது. விதைக்கும் உரத்துக்கும் இருப்பதுபோல, கடைகளிலிருந்து மாதிரி எடுத்து, உயிருள்ள பாக்டீரியாக்களின் எண்ணிக்கையையும் வகையையும் சோதித்து, முடிவைத் தொகுதி எண்ணோடு தமிழில் பொதுவில் வெளியிட வேண்டும். ஒளிவுமறைவற்ற ஒரு பட்டியல், நூறு விழிப்புணர்வு முகாம்களுக்குச் சமம்.

அடுத்தது, நோயறிதல். எந்தக் கிருமி என்று தெரியாமலேயே மருந்து வாங்கும் நிலை மாற வேண்டும். கடலோர மாவட்டங்களில் உழவர் எளிதில் அணுகத்தக்க ஆய்வகமும், மீன்நல வல்லுநரின் சீட்டு இல்லாமல் நுண்ணுயிர்க்கொல்லி விற்கக் கூடாது என்ற கண்டிப்பும் ஒன்றாக வர வேண்டும். முன்னது இல்லாமல் பின்னதை மட்டும் கொண்டுவந்தால் கள்ளச்சந்தைதான் வளரும்.

மூன்றாவது, காப்பீடு. உழவர் மருந்தைக் கொட்டுவது அறியாமையால் மட்டுமன்று, அச்சத்தாலும்தான். கடன் தவணை தலைக்குமேல் இருக்கும்போது, ஒரு பொட்டலம் மருந்து ஏழையின் காப்பீட்டுப் பத்திரமாகிவிடுகிறது. நியாயமான தவணையில் உண்மையான காப்பீடு கிடைத்தால் அந்த அச்சம் குறையும்.

நார்வே நாட்டின் பட்டறிவு இங்கே எண்ணத்தக்கது. 1987-இல் அந்நாட்டுச் சால்மன் பண்ணைகளில் ஏறத்தாழ 48 டன் நுண்ணுயிர்க்கொல்லிகள் பயன்பட்டன. இன்று உற்பத்தி பன்மடங்கு பெருகிவிட்டது. மருந்தோ அண்மை ஆண்டுகளில் ஒரு டன்னுக்கும் குறைவு. இந்த மாற்றத்தை நிகழ்த்தியது புரோபயாடிக் அன்று என்பதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். நல்ல தடுப்பூசிகள், ஒரே தலைமுறை மீன்களை மட்டும் ஓரிடத்தில் வளர்த்தல், அறுவடைக்குப்பின் அந்தக் கடற்பரப்புக்கு ஓய்வளித்தல், ஒவ்வொரு கிலோ மருந்துக்கும் கணக்கு ஆகியவை சேர்ந்தே அதைச் சாதித்தன. புரோபயாடிக் அந்த வரிசையில் சேர்க்கத்தக்க ஒரு துணை. வரிசைக்கே மாற்று அன்று.

என் மாணவருக்கு அன்று நான் சொன்னது ஒன்றே. "இரண்டையும் கலக்காதீர்கள். முதலில் செத்த மீனைக் கடலில் வீசாமல் கரைக்குக் கொண்டுவந்து புதையுங்கள். கூண்டின் நெரிசலைக் குறையுங்கள். நோய் என்னவென்று ஆய்வகத்தில் கேளுங்கள். அடுத்த பருவத்தில் புரோபயாடிக்கைச் சோதிக்க விரும்பினால், பாதிக் கூண்டுகளுக்கு மட்டும் கொடுத்து, மீதியைக் கொடுக்காமல் விட்டு, இரண்டையும் எழுதி வையுங்கள்."

அவர் அப்படியே செய்தார். அண்மையில் அந்தக் குறிப்பேட்டை என்னிடம் காட்டினார். புரோபயாடிக் கொடுத்த கூண்டுகளில் இழப்பு சற்றுக் குறைவு. ஆனால் ஒரு பருவத்தின் கணக்கை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாத அளவுக்கு அந்த வேறுபாடு சிறியது. நெரிசலைக் குறைத்ததும், வலையை உரிய நாளில் மாற்றியதும் எல்லாக் கூண்டுகளிலுமே தந்த பயன் அதைவிடத் தெளிவாகத் தெரிந்தது. இரண்டாவது பருவத்துக்கும் அதே சோதனையைத் தொடர்கிறார். பக்கத்துக் கூண்டுக்காரர்கள் இருவரும் இப்போது குறிப்பேடு வாங்கியிருக்கிறார்கள்.

அவர்களுக்குத் தெரிய வேண்டியதைச் சோதித்துச் சொல்லும் கடமை ஆய்வகங்களுக்கும் அரசுக்கும் உண்டு. கடன் வாங்கிக் கடலில் இறங்கியவர், தன் மீன்களின் உயிரை விலையாகக் கொடுத்துத்தான் அதைக் கண்டறிய வேண்டும் என்பது நியாயமாகாது.